பதினேழாம் அத்தியாயம் சுத்தப் பொய்!

செல்போன் அலறியது.

செல்லத்தாய் தையல் மெஷினிலிருந்து காலை எடுத்தாள். பாதி தைத்த ஜாக்கெட்டின் கை ஊசியடியில் சிக்கி நின்றது.

"சொல்லுங்கம்மா..."

"அக்கா, இன்ஸ்பெக்டர் தமிழ்ச்செல்வி பேசுறேன். நீங்க கொடுத்த நாவலை ரெண்டு தடவை படிச்சுட்டேன்."

"படிச்சுட்டீங்களா! அப்ப அவனை எப்பத் தூக்குறீங்க?"

"தூக்க முடியாதுக்கா."

கையிலிருந்த கத்தரிக்கோல் 'டங்'கென்று மேஜையில் விழுந்தது.

"என்னம்மா சொல்றீங்க? என் தம்பி செத்த கதையை அச்சடிச்சு வித்துக்கிட்டு இருக்கான்! மேலூர் ரோட்டுல ஆடு மேய்ச்ச பெரியவரை ஒரு கார் அடிச்சுப் போட்டுட்டு நிக்காமப் போனது... அதை என் தம்பி தவசி பார்த்தது... காரு வச்சிருந்தவனைத் தேடிப் பிடிச்சு, 'நீங்களாப் போய்ப் போலீஸ்ல சொல்லுங்க, இல்லேன்னா நான் சொல்லுவேன்'னு நின்னது... கல்குவாரிப் பள்ளத்துல பொணமா மிதந்தது... அம்புட்டும் அதுல இருக்கு! பேரு மட்டுந்தான் வேற!"

"இருக்குக்கா. ஆனா 'எல்லாம் கற்பனை சார்'னு கோர்ட்டுல ஒத்த வார்த்தை சொன்னான்னா முடிஞ்சுபோச்சு. நீங்க அன்னைக்கு மேலூர் பஸ் ஸ்டாண்டுல உருண்டு பொரண்டு இதைச் சொல்லித்தானே அழுதீங்க? யாரோ சொன்னாங்க, எழுதினேம்பான்."

செல்லத்தாய் பல்லைக் கடித்தாள்.

"அப்ப ஆறு வருஷமா நான் உசிரோட இருந்ததுக்கு அர்த்தமே இல்லையாம்மா?"

"இருக்கு. புத்தகத்துல இருக்குறதை வச்சு எவனையும் பிடிக்க முடியாது. புத்தகத்துல இல்லாததை அவன் வாயால சொல்லணும். அதுவும் என்கிட்ட இல்ல... போலீஸ்கிட்ட சொன்னது கோர்ட்டுல நிக்காது. பொது ஜனம் பத்துப் பேரு முன்னால சொல்லணும்."

"புத்தகத்துல இல்லாததுன்னா..."

"உங்க பழைய புகார்ல மூணாவது பக்கம். ஸ்டேஷனுக்கு வெளியே யாருக்கும் தெரியாதது."

"தோள்பட்டைக் கட்டு!"

ஆமாம். அந்தக் கட்டு!

ஆறு வருடத்துக்கு முன்னால், தவசி செத்த நாளன்று காலையில், மூட்டை தூக்கும்போது அவனுடைய இடது தோள் பிசகியது. எலும்பு வைத்தியரிடம் கூட்டிப் போனவள் செல்லத்தாய்தான். நெஞ்சைச் சுற்றி மூன்று சுற்று இறுக்கிக் கட்டி, 'ஒரு மாசம் கையைத் தூக்கப்படாது' என்று அனுப்பினார் வைத்தியர். அன்று சாயங்காலம் 'ஒருத்தரைப் பாத்துட்டு வாரேங்க்கா' என்று, யாரென்று சொல்லாமல் கிளம்பிப் போனவன் மூன்றாம் நாள் குவாரித் தண்ணீரில் மிதந்தான்.

உடம்பில் கட்டு இல்லை.

'குளிக்கப் போயிருக்கான். மூழ்கிட்டான். கட்டு தண்ணியில அவுந்திருக்கும்' என்று எழுதி ஃபைலை மூடினார்கள்.

"நாவல்ல அந்தக் கட்டு இல்லக்கா. ஏன் இல்லேன்னு எனக்குத் தெரியாது. ஆனா கொன்னவனுக்கு அது தெரிஞ்சிருக்கும்."

"ஞாயித்துக்கிழமை அவன் எங்க வாசகர் வட்டத்துக்கு வாரான்மா. நான்தான் அந்த நாவலை எடுக்கச் சொன்னேன்."

"அப்ப வாயைப் பிடுங்குங்க!"

"பிடுங்குறேன்." செல்லத்தாய் கத்தரிக்கோலை எடுத்து மேஜை டிராயருக்குள் போட்டுப் பூட்டினாள். ஞாயிற்றுக்கிழமை அது கைப்பையில் இருந்தால், அவன் வாய் பேசும் வரை அவள் கை பொறுக்காது!

---

நாகமலை புதுக்கோட்டை.

ரயில்வேயில் ஓய்வு பெற்ற சாம்பசிவத்தின் வீட்டு மாடி. மாதத்துக்கு ஒரு ஞாயிறு, மாலை நாலு மணிக்கு வாசகர் வட்டம் கூடும். அதற்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. எழுத்தாளரே வந்து உட்கார்ந்திருந்தாலும், எல்லோரும் பேசி முடிக்கும் வரை அவர் வாயைத் திறக்கக் கூடாது. கடைசியில் ஏற்புரை. அப்போதுதான் அவருக்கு வாய்!

மீறினால் சாம்பசிவம் ஸ்பூனால் எவர்சில்வர் டம்ளரைத் தட்டுவார்.

"வாங்கோ செல்லத்தாய்! பஜ்ஜி ஆறிண்டிருக்கு!" என்றாள் சாம்பசிவத்தின் மனைவி பட்டு.

"வயிறு சரியில்ல மாமி."

"ஏன், நாவலைப் படிச்சேளா? எனக்கும் அப்படித்தான் பண்ணித்து."

நடு நாற்காலியில் அவன்.

எழுத்தாளன் ஹரிஷங்கர்! நாற்பது வயது. சந்தன நிற ஜிப்பா. புன்னகைத்தால் பன்னிரண்டு பற்கள் தெரியும். 'அறுபதடி ஆழம்' என்ற அந்த நாவல் ஐந்து மாதத்தில் நான்கு பதிப்பு. வந்ததும் வராததுமாகப் பதினோரு பேருடைய பிரதியிலும் கையெழுத்துப் போட்டிருந்தான்.

செல்லத்தாய் அந்தக் கைகளையே பார்த்தாள்.

இந்தக் கைதானே தவசியைத் தள்ளியது...?

"என்ன தங்கச்சி, ஒரு மாதிரியா இருக்கே?"

பக்கத்தில் வந்து நின்றார் அழகுபாண்டி. வட்டத்தின் செயலாளர். அறுபத்து நான்கு வயது. ஓய்வு பெற்ற சரித்திர வாத்தியார். நாற்காலி போடுவதும் அவர்தான், காபித் தட்டு சுமப்பதும் அவர்தான். யாராவது ஒரு புத்தகத்தைக் கிழித்துப் பேசினால், 'எழுதுனவனுக்கு வலிக்கும்யா, பாத்துப் பேசுங்க' என்று கெஞ்சுவதும் அவர்தான்.

"ஒண்ணுமில்லண்ணே. இன்னைக்கு நான் பேசலாம்னு இருக்கேன்."

"நீயா? நாலு வருஷமா மூலையில உக்காந்து கேட்டுட்டுப் போறவ! பேசு தாயி, பேசு! ஹரிஷங்கரை நான்தானே கூப்பிட்டேன். உனக்காக ரெண்டு நிமிஷம் கூடவே தாரேன்."

தம்பி செத்ததை அவள் இங்கே யாரிடமும் சொன்னதில்லை. அதை மறக்கத்தானே புத்தகத்துக்குள் வந்து ஒளிந்தாள்! அங்கேயும் தவசி பிணமாக வந்து மிதப்பான் என்று கண்டாளா?

கைப்பைக்குள் செல்போன். தெருமுனை டீக்கடையில் சுடிதாரில் உட்கார்ந்திருக்கும் தமிழ்ச்செல்வியின் செல்லோடு இணைப்பில்.

டிங்! டம்ளர் ஒலித்தது.

"ஆரம்பிக்கலாம்," என்றார் சாம்பசிவம்.

நாலு பேர் பேசினார்கள். 'விறுவிறுப்பு' என்றார் ஒருவர். 'மேலூர் வெயில் சுடுகிறது' என்றார் இன்னொருவர். பட்டு மட்டும், "அந்தக் கொலைகாரன் கொன்னுட்டு ஆத்துக்குப் போய் ரசஞ்சாதம் சாப்பிடறானே, அது எப்படி எறங்கும்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

ஹரிஷங்கர் பன்னிரண்டு பற்களையும் காட்டினான்.

"அடுத்தது... செல்லத்தாய்!"

எழுந்தாள். குரல் நடுங்கவில்லை.

"எனக்குப் பதினேழாம் அத்தியாயத்தைப் பத்தி மட்டும்தான் பேசணும். கொலை நடக்குற அத்தியாயம். படிச்சேன். சுத்தப் பொய்!"

'கிளிங்' என்று பின்னால் ஒரு காபி டம்ளர் சாய்ந்தது.

"சாட்சி சொல்ல வந்த பயலைக் குவாரிக்குப் பேச வரச் சொல்லுறான் கொலைகாரன். சரி. பள்ளத்து ஓரத்துல நின்னு பேசுறாங்க. சரி. தள்ளி விடுறான். அதுவும் சரி! 'தண்ணீர் அவனை மூடிக்கொண்டது'ன்னு எழுதியிருக்கு பாருங்க... அங்கதான் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு!"

"ஏம்மா?" என்றார் சாம்பசிவம்.

"அந்தப் பய கிணத்துல நீச்சல் பழகுனவன்னு ரெண்டாம் அத்தியாயத்துல இவரே எழுதியிருக்காரு! கம்மாயில அக்கரை இக்கரை போறவனாம்! அம்புட்டு நீச்சல் தெரிஞ்சவன், தள்ளி விட்டதும் கல்லு மாதிரி முங்கிச் செத்துருவானா? எங்க ஊரு எருமைகூடச் சிரிக்கும்!"

மாடி முழுக்கச் சிரிப்பு.

செல்லத்தாய் ஹரிஷங்கரைப் பார்த்தாள்.

வாயைத் திறடா! சொல்லுடா! அவன் தோளில் கட்டு இருந்தது, ஒற்றைக் கையால் நீந்த முடியவில்லை என்று சொல்லுடா!

ஹரிஷங்கர் குறிப்பேட்டை எடுத்தான். நிதானமாக எழுதிக்கொண்டான்.

தலையை வேறு ஆட்டினான்!

அவள் குரலை உயர்த்தினாள். இன்னும் அழுத்தினாள்.

"இதை எழுதுனவரு குவாரியவே கண்ணால பாத்திருக்க மாட்டாரு! குவாரித் தண்ணிக்கும் சிமெண்டுத் தொட்டித் தண்ணிக்கும் வித்தியாசம் தெரியாத ஆளு! வேற எவனோ எழுதுனதைப் பாத்து அரைகுறையாக் காப்பி அடிச்ச மாதிரி இருக்கு! ஒண்ணாங் கிளாஸ் பிள்ளைகிட்டக் கொடுத்தாலும் இதைவிட யோசிச்சுக் கொன்னுருக்கும்!"

"செல்லத்தாய்... கொஞ்சம் பாத்து..." என்றார் சாம்பசிவம்.

ஹரிஷங்கர் கையைத் தூக்கினான். "ஏற்புரை வரைக்கும் பேசக் கூடாதுன்னு தெரியும். ஒரே வரி, அனுமதி கொடுங்க சார்."

செல்லத்தாய் கைப்பையை அவன் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

வந்துவிட்டது... இதோ சொல்லப் போகிறான்...!

"மேடம் சொல்றது நூத்துக்கு நூறு கரெக்ட்! எனக்கே அந்த இடம் இடிச்சது. அடுத்த பதிப்புல மாத்திருவோம். தண்ணியே வேணாம். மண்டையில கல்லைத் தூக்கிப் போட்டுக் கொன்னுருவோம். ஓகேவா மேடம்?"

செல்லத்தாய் அவன் முகத்தையே பார்த்தாள்.

இவனுக்குக் கோபமே வரவில்லையே! கொன்றவன் இப்படியா சிரிப்பான்? ஆறு வருடம்... ஆறு வருடமும் இந்த ஒரு நிமிடத்தில் கரைந்து போகிறதே...

"மாத்துறதா...?"

குரல் பின்னாலிருந்து வந்தது.

எல்லோரும் திரும்பினார்கள்.

அழகுபாண்டி! கையில் காபித் தட்டு. அதிலிருந்த ஆறு டம்ளரும் ஒன்றோடொன்று மோதிக் கலகலத்தன.

"எதை மாத்துவே? அந்தத் தண்ணி இல்லாம அந்த நாவல் ஏது? 'அறுபதடி ஆழம்'னு தலைப்ப வச்சுக்கிட்டு மண்டையில கல்லைப் போடுவானாம்! கல்லை!"

"அண்ணே..." ஹரிஷங்கரின் பன்னிரண்டு பற்களும் மறைந்தன. "அண்ணே, சும்மா இருங்கண்ணே..."

டிங்! டிங்! "அழகுபாண்டி, நீங்க செயலாளர். எழுத்தாளர்தான் கடைசியில..."

"நான்தான்யா எழுத்தாளன்!"

காபித் தட்டு தரையில் விழுந்தது. பட்டு அலறினாள்.

"ஒவ்வொரு வரியும் நான் எழுதுனது! இவன் பேரை மட்டும் போட்டுக்கிட்டான்! அடுத்த புத்தகத்துக்குக் கதை இல்லாம என் வீட்டு வாசல்ல வந்து நின்ன பய! ஏம்மா தங்கச்சி... நானா யோசிக்காமக் கொன்னேன்? நீச்சல் தெரிஞ்சவன் எப்படிச் சாவான்னு எனக்குத் தெரியாதா? இடது தோள்ல கட்டும்மா! நெஞ்சைச் சுத்தி மூணு சுத்து! ஒத்தக் கையை வச்சுக்கிட்டு அறுபதடித் தண்ணியில எவன் நீந்துவான்? எம்புட்டு யோசிச்சு எழுதினேன் தெரியுமா!"

செல்லத்தாய் அசையவில்லை. இவரா? 'தங்கச்சி, தங்கச்சி' என்று நாலு வருடமாகக் காபி ஆற்றிக் கொடுத்த இந்தக் கையா?

மெதுவாகக் கேட்டாள். ரொம்ப மெதுவாக.

"எந்தப் பக்கத்துலண்ணே இருக்கு, அந்தக் கட்டு?"

"இல்ல! இல்லம்மா! இந்தப் படுபாவி வெட்டிட்டான்! கதை ஸ்பீடு குறையுதுன்னு ரெண்டு பக்கத்தை உருவிட்டான்! என் முதல் பிரதியில இருக்கு!"

"சரிண்ணே. ஆனா கட்டோட பொணம் மிதந்தா, கட்டுப் போட்டவன் எதுக்குக் குளிக்கப் போனான்னு போலீஸ் கேட்காதா? அதுவும் ஓட்டைதானே?"

அழகுபாண்டியின் முகத்தில் ஒரு பெருமிதம் பூத்தது. நல்ல கேள்வி கேட்ட மாணவியைப் பார்க்கும் வாத்தியாரின் பெருமிதம்!

"கேட்டே பாரு, அதான் வாசகி! அதுக்குத்தானே மூச்சு அடங்குனதும் கரைக்கு இழுத்து, கட்டை அவுத்து, மறுபடியும் உள்ள தள்ளினது! அவுந்த துணியைக்கூட அங்க போடல. கல்லு கட்டி வேற பள்ளத்துல எறிஞ்சாச்சு. ஓட்டையே கிடையாது!"

"அருமைண்ணே."

"இப்பச் சொல்லு! பொய்யா?"

"இல்லண்ணே. ஒரு எழுத்துகூடப் பொய் இல்ல." செல்லத்தாய் அவர் முன்னால் போய் நின்றாள். "அந்தக் கட்டைப் போட வைத்தியருகிட்டக் கூட்டிட்டுப் போனது நான்தாண்ணே. மூட்டை தூக்குன தவசியோட அக்கா. செல்லத்தாய். என் தம்பி நெஞ்சுல இருந்த மூணு சுத்து, ஒங்க கற்பனைக்குள்ள எப்படிண்ணே வந்துச்சு?"

அழகுபாண்டி ஒரு அடி பின்னால் வைத்தார். சிந்திய காபியில் கால் வழுக்கிச் சுவரைப் பிடித்தார்.

"தங்கச்சி... அது... கதைம்மா..."

"தங்கச்சின்னு சொன்னா நாக்கு அழுகிரும்!"

மாடிப்படியில் தடதடவென்று காலடிகள். தமிழ்ச்செல்வி வந்து நின்றாள். பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள்.

"பேசி முடிச்சாச்சா சார்? பதினொரு பேரு கேட்டிருக்காங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். அந்த முதல் பிரதியை எரிச்சுட்டீங்களா?"

அழகுபாண்டி நிமிர்ந்தார். இத்தனைக்குப் பிறகும் முகத்தில் அடிபட்ட வலி தெரிந்தது.

"எழுதுனதை எவனாவது எரிப்பானாம்மா?"

"அப்ப எங்க இருக்கு?"

"பீரோவுல. நாலு நோட்டு. பச்சை மையில..."

"ஏன் சார்? கொன்னீங்க, தப்பிச்சீங்க. எதுக்கு எழுதுனீங்க?"

"ஆறு வருஷம்மா..." அழகுபாண்டி நாற்காலியில் சரிந்தார். "கிழவன் மேல காரை விட்டது தெரியாம நடந்தது. அந்தப் பய போலீசுக்குப் போறேன்னுட்டான். ரிட்டையர் ஆக ரெண்டே மாசம், மகளுக்குக் கல்யாணம் பேசி வச்சிருக்கு... முடிச்சேன். ஒருத்தனும் கண்டுபிடிக்கல. மொதல்ல நிம்மதியா இருந்துச்சு. அப்புறம்... இம்புட்டுத் துல்லியமாச் செஞ்சது ஒருத்தருக்கும் தெரியாமப் போகுதேன்னு நெஞ்சு அரிச்சுச்சு. நாலு பேரு படிச்சு 'ஆகா'ன்னு சொல்லணும். என் பேரைப் போட முடியுமா? அதான் இவன்கிட்டக் கொடுத்தேன்."

ஹரிஷங்கர் நைசாகப் படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தான்.

"எங்க சார் கிளம்பிட்டீங்க?" என்றாள் தமிழ்ச்செல்வி.

"எனக்கும் கொலைக்கும் சம்பந்தமே இல்ல மேடம்! நான் அது கதைன்னு நினைச்சேன்!"

"அப்ப எழுதிக் கொடுங்க. 'இந்த நாவலில் ஒரு வரிகூட நான் எழுதவில்லை'ன்னு."

பதினோரு மடியில் பதினோரு பிரதி. பதினோரு கையெழுத்து. எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

"ம... மேடம், இவங்க முன்னாலயா?"

"வேணாம்னா விடுங்க. எழுதுனது நீங்கதான்னு வச்சுக்குவோம். கூட வந்து ஜீப்புல ஏறுங்க."

ஹரிஷங்கர் குறிப்பேட்டைப் பாய்ந்து பிரித்தான். வேர்க்க விறுவிறுக்க எழுதினான்.

பட்டு எட்டிப் பார்த்தாள். "பாவம், சொந்தமா எழுதற மொதப் பக்கம் போலிருக்கு. கை நடுங்கறது!"

---

வாசலில் ஜீப் உறுமியது.

தெருவே திரண்டு நின்றது. கான்ஸ்டபிள்கள் அழகுபாண்டியை ஏற்றினார்கள். ஏறியவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"செல்லத்தாய்... ஒண்ணே ஒண்ணு."

அவள் நின்றாள்.

"மேல நீ பேசுனதெல்லாம் என் வாயைப் பிடுங்கத்தானே? எனக்குத் தூக்கோ ஆயுளோ, எது வேணா கிடைக்கட்டும். உண்மையைச் சொல்லும்மா... நாவல் எப்படி இருந்துச்சு?"

கண் கெஞ்சியது. தூக்குக் கயிற்றைப் பற்றி அந்தக் கண்ணில் பயமில்லை. ஒரு வார்த்தை... 'நல்லா இருக்கு' என்ற ஒரே ஒரு வார்த்தை போதும். அதை வைத்துக்கொண்டு ஜெயிலில் இருபது வருடம் ஓட்டிவிடுவார்!

செல்லத்தாய் அந்த நாவலைப் பதினொரு தடவை படித்தவள். பாதி மனப்பாடம். ஒரு வரி சோடை கிடையாது. தம்பியைக் கொன்ற கை இம்புட்டு அழகாக எழுதுகிறதே என்று வயிறெரிந்து அழுதவள்.

ஜீப்பின் அருகே போனாள். தலையைச் சாய்த்து, கொட்டாவி ஒன்றை நிதானமாக விட்டாள்.

"எனக்கெங்க தெரியும்? பதினேழாம் அத்தியாயம் மட்டும் இன்ஸ்பெக்டரம்மா கோடு போட்டுக் கொடுத்தாங்க... மத்ததைப் புரட்டுனேன், பத்தாம் பக்கத்துலயே தூக்கம் வந்துருச்சு!"